அந்தமானில் கேமிங் லேப்டாப்: 95 டிகிரி காட்டினால் ஆபத்தா? சூட்டைக் குறைப்பது எப்படி?

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலுக்கடியில் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் நீள இணையக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் இணையத்தைத்தான் நம்பியிருந்தன. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு சிக்னல் போய், இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்பி வர கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். ஆன்லைன் கேமில் அரை நொடி என்றால், நீங்கள் எதிராளியைப் பார்ப்பதற்குள் ஆட்டமே முடிந்திருக்கும். கேபிளில் சென்னை போய்வர ஒளிக்கு அதில் மிகச் சிறிய பகுதி நேரமே போதும்.

பிங் பிரச்சினை ஒருவழியாக ஓய்ந்தது. அடுத்தது சூடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். அவர்களில் ஒருவராக நீங்கள் இருக்கலாம். வேலைக்காக ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த ஊருக்கு, மாற்றலாகி வந்தவராகவும் இருக்கலாம். பகலில் டைவிங் வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கேம், இரண்டுக்கும் ஒரே கேமிங் லேப்டாப். பத்து நிமிடத்தில் ஃபேன் கத்த ஆரம்பிக்கிறது, திரையில் 95 டிகிரி காட்டுகிறது. 'எரிஞ்சு போயிடுமோ?' என்ற பயம் வருவது இயல்புதான்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம், என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

95 டிகிரி என்பது ஆபத்தா?

ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தயாரிப்பாளரே ஓர் உச்ச வெப்ப வரம்பு வைத்திருக்கிறார். இன்டெல்லின் பெரும்பாலான கேமிங் லேப்டாப் சிப்களுக்கு அது 100 டிகிரி செல்சியஸ். சில புதிய சிப்களுக்கு இன்னும் சற்று அதிகம். ஏஎம்டி சிப்களில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 டிகிரி வரை.

அந்த வரம்பைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் தெர்மல் த்ராட்லிங். அதற்கும் மேல் சூடு ஏறினால் லேப்டாப் தானாகவே அணைந்துவிடும். ஆக, 95 டிகிரி என்பதற்காக சிப் உடனே எரிந்துவிடாது. கடுமையான லோடில் 85 முதல் 95 வரை போவது மெல்லிய கேமிங் லேப்டாப்களில் சகஜம்.

அப்போ பிரச்சினை என்ன? இரண்டு இருக்கிறது. முதலாவது, த்ராட்லிங் ஆகும்போது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. ஃப்ரேம் திடீரென்று விழும், கேம் தடுக்கித் தடுக்கி ஓடும், ரெண்டரிங் நேரம் நீளும். இரண்டாவது, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பேட்டரி, ஃபேன் பேரிங், மதர்போர்டின் மின்பாகங்கள் எல்லாம் மாதக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே வேகின்றன. பெரும்பாலும் முதலில் சாவது ப்ராசஸர் இல்லை, இவைதான்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது?

ஓர் உதாரணம். இன்டெல் கோர் ஐ7-12700எச் சிப்பின் அடிப்படை மின்னளவு 45 வாட். டர்போவில் அது 115 வாட் வரை இழுக்கும். அதோடு கேம் ஓடும்போது கிராபிக்ஸ் சிப் தனியாக 100 வாட்டுக்கு மேல் எடுக்கலாம். இரண்டையும் சேர்த்து 160 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். இரண்டு சீலிங் ஃபேனுக்கான மின்சாரம் உங்கள் கீபோர்டுக்கு அடியில், இரண்டு விரல் தடிமனுள்ள பெட்டிக்குள் முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியே தள்ள இரண்டு சின்ன ஃபேன், சில செம்புக் குழாய், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக அடுக்கிய உலோகத் தகடுகள். அவ்வளவுதான்.

டர்போ ஏன் இவ்வளவு சூடாக்குகிறது? சிப் செலவழிக்கும் மின்சாரம் அதன் வேகத்தோடு மட்டும் ஏறுவதில்லை, மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும். கடைசிப் பத்து சதவீத வேகத்துக்காகத்தான் சிப் மிக அதிகமான வாட்டைக் கொட்டுகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் நிறைய சூடு குறையும். கீழே வரும் வழிகளில் பாதி இந்த ஒரு விதியிலிருந்து வருபவைதான்.

அந்தமானில் என்ன வித்தியாசம்?

ஸ்ரீ விஜயபுரத்தில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். மே மாதச் சென்னை 40 டிகிரியைத் தொடும். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் அந்தமான் லேப்டாப்புக்குச் சென்னையைவிட இதமான ஊர். 'இங்கே புழுக்கம் ஜாஸ்தி, அதான் லேப்டாப் சூடாகுது' என்பது பாதி உண்மைதான். நமக்குப் புழுங்குவது வியர்வை காயாததால். லேப்டாப்புக்கு வியர்க்காது. அதன் ஃபேன் தள்ளும் காற்று ஈரமாக இருந்தாலும் உலர்ந்து இருந்தாலும், 30 டிகிரி என்றால் அது எடுத்துச்செல்லும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஈரப்பதத்தின் சேதம் வேறு வழியில் வருகிறது.

ஒன்று, உப்பு. கடல்காற்றில் நுண்ணிய உப்புத் துகள்கள் இருக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு டப்பா கசிவது இதனால்தான். இரண்டு பருவமழையும் பெறும் இந்தத் தீவுகளில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கிறது. லேப்டாப் ஃபேன் இழுத்துவரும் உப்பு உள்ளே படிந்து, ஈரமாகி, தூசியைப் பசை போலப் பிடித்துவைக்கும். மெயின்லேண்டில் ஊதினால் பறக்கும் தூசி, இங்கே தகடுகளுக்கு இடையே கம்பளித் துணி மாதிரி ஒட்டிக்கொள்ளும். செம்புத் தகடுகளும் இணைப்புகளும் பச்சை பூக்கத் தொடங்கும்.

இரண்டு, பனிப்படிவு. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மீதும் நீர் முத்துக்கள் படியும். 22 டிகிரி ஏசி ஆபீஸில் அணைத்து வைத்திருந்த லேப்டாப்பை வெளியே கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்ந்த பாட்டிலின் மேல் நடப்பதுதான் அதன் மதர்போர்டிலும் நடக்கும்.

மூன்று, தூரம். பாகம் கெட்டால் பெரும்பாலும் மெயின்லேண்டிலிருந்துதான் வரவேண்டும். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் சுமார் மூன்று நாள். அதனால் இங்கே லேப்டாப்பைப் பிரிக்கும் முன், உண்மையிலேயே பிரிக்கத்தான் வேண்டுமா என்று தெரிந்துகொள்வது முக்கியம். அதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்க

பலரும் பார்ப்பது வெப்ப எண்ணை மட்டும். அது தனியாக எதையும் சொல்லாது. மூன்று எண்கள் வேண்டும்: அறை வெப்பம், ப்ராசஸர் வெப்பம், ப்ராசஸர் இழுக்கும் வாட். கடைசி இரண்டையும் எச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் காட்டும். அறைக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும்.

சினிபெஞ்ச் போல ப்ராசஸரை மட்டும் சோதிக்கும் மென்பொருளை 15 நிமிடம் ஓட்டுங்கள். கேம் ஓட்டினால் கிராபிக்ஸ் சிப்பின் சூடும் அதே செம்புக் குழாயில் கலந்துவிடும், கணக்கு குழம்பும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். எண்கள் நிலையானதும் குறித்துக்கொண்டு, ப்ராசஸர் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, வாட்டால் வகுங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு:

• புதிதில்: அறை 25 டிகிரி, ப்ராசஸர் 83 டிகிரி, 45 வாட். வித்தியாசம் 58. வகுத்தால் வாட்டுக்கு 1.29 டிகிரி.
• அதே லேப்டாப், ஏசி இல்லாமல்: அறை 31 டிகிரி, ப்ராசஸர் 89 டிகிரி, 45 வாட். வித்தியாசம் மறுபடியும் 58. அதே 1.29.
• ஆறு மாதம் கழித்து: அறை 31 டிகிரி, ப்ராசஸர் 95 டிகிரி, ஆனால் 40 வாட்தான். வித்தியாசம் 64. வகுத்தால் 1.6.

இரண்டாவது வரியில் சூடு ஏறியதற்குக் காரணம் வானிலை மட்டுமே. லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை, பிரிக்க வேண்டியதில்லை. மூன்றாவது வரியில் குளிரூட்டும் அமைப்பே கெட்டிருக்கிறது: தூசி அடைத்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஒரு ஃபேன் நின்றிருக்கலாம். மாதம் ஒருமுறை இந்த ஒரே எண்ணைக் குறித்து வையுங்கள். எண் மாறாமல் இருந்தால் செட்டிங்கில் கை வைத்தால் போதும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறினால் சுத்தம் செய்யும் நேரம்.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. 31 டிகிரி அறையிலும் 83 டிகிரிதான் வேண்டும் என்றால், 52-ஐ 1.29-ஆல் வகுங்கள்: சுமார் 40 வாட். அதாவது ஏசி இல்லாததை ஈடுகட்ட 5 வாட் குறைத்தால் போதும். வாட் 11 சதவீதம் குறைந்தாலும், மேலே சொன்ன விதிப்படி வேகம் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும்.

காசு செலவில்லாமல் என்ன பண்ணலாம்?

1. ஃப்ரேமுக்கு வரம்பு வையுங்கள். உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் கேம் 220 ஃப்ரேமில் ஓடுவதால் பெரிய லாபம் இல்லை, சூடுதான் மிச்சம். கேமின் செட்டிங்கிலோ கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலிலோ வரம்பு வைக்கலாம். கதை சார்ந்த கேம்களுக்கு 60 அல்லது 90 போதும். பலருக்கு இந்த ஒன்றிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

2. பவர் ப்ரொஃபைலை மாற்றுங்கள். ஏசஸின் ஆர்மரி க்ரேட், லெனோவோ வான்டேஜ், ஏசரின் நைட்ரோசென்ஸ், எச்பியின் ஓமன் கேமிங் ஹப் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மென்பொருள் இருக்கிறது. 'டர்போ', 'பெர்ஃபார்மன்ஸ்' என்பதை விட்டு 'பேலன்ஸ்டு' வைத்துப் பாருங்கள். கைமுறையாக வாட் வரம்பு வைக்க அனுமதி இருந்தால், மேலே போட்ட கணக்கில் வந்த எண்ணை வையுங்கள்.

3. டர்போவை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட், அதில் மேக்சிமம் ப்ராசஸர் ஸ்டேட். 100 என்பதை 99 ஆக்கினால் பல லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். சூடு சட்டென்று இறங்கும். கிராபிக்ஸ் சிப்பை அதிகம் நம்பும் கேம்களில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். வாலரன்ட் போல ப்ராசஸரை நம்பும் கேம்களில் ஃப்ரேம் குறைவது தெரியும். சில லேப்டாப்களில் இந்த வரி மறைந்திருக்கும். அப்போது இரண்டாவது வழியே போதும்.

4. அண்டர்வோல்ட். அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைந்த வோல்டேஜ் கொடுப்பது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், வர்க்க விதிப்படி மின்செலவு சுமார் 19 சதவீதம் குறையும். ஆனால் 2019-இல் ப்ளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் பல இன்டெல் லேப்டாப்களில் இந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. உங்களுடையதில் திறந்திருந்தால் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் சோதியுங்கள். நீலத்திரை வந்தால் ஒரு படி பின்னே வாருங்கள். பூட்டியிருந்தால் அதைத் திறக்க பயாஸை நோண்ட வேண்டாம். பயாஸ் கெட்டால் போர்டே மெயின்லேண்ட் போகவேண்டி வரலாம்.

காற்று போக வழி இருக்கா?

கேமிங் லேப்டாப் பெரும்பாலும் அடியிலிருந்து காற்றை இழுத்து, பின்னாலும் பக்கவாட்டிலும் தள்ளும். மெத்தை, தலையணை, மடி எதுவும் வேண்டாம். பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரண்டு பழைய பாட்டில் மூடிகூடப் போதும். சுவரை ஒட்டி வைத்தால் வெளியேறும் சூடான காற்றே மறுபடி உள்ளே போகும். ஒரு ஜாண் இடைவெளி விடுங்கள்.

மூடிய சின்ன அறையில் லேப்டாப்பே ஹீட்டர் ஆகிவிடும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் வெளியிடும் வெப்பம் சுமார் 100 வாட். 160 வாட் லேப்டாப் என்றால் அறையில் கூடுதலாக ஒன்றரை ஆள் இருக்கிற மாதிரி. டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வையுங்கள். அது காற்றைக் குளிர்விக்காது, சூடான காற்று லேப்டாப்பைச் சுற்றி தேங்காமல் கலைக்கும். ஜன்னல் திறக்கலாம், கடல் நேரே தெரிகிற ஜன்னல் என்றால் லேப்டாப்பை அதன் வாசலில் வைக்காதீர்கள்.

சுத்தம் செய்வது பற்றி. மெயின்லேண்டில் வருடம் ஒருமுறை போதும் என்பார்கள். கரையோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கேமரா சுத்தம் செய்யும் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். ஃபேன் இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் க்ளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்கலாம். அடிமூடியைத் திறப்பது வாரன்டியைப் பாதிக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெர்மல் பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்துபோகும், அல்லது சூடாகிச் சூடாகி ஓரத்துக்கு ஒதுங்கும். சுத்தம் செய்தும் உங்கள் எண் இறங்கவில்லை என்றால் இதை மாற்றலாம். சூட்டில் இளகி இடத்திலேயே நிற்கும் ஃபேஸ் சேஞ்ச் பேட்கள் லேப்டாப்புக்குப் பொருத்தமானவை, நீண்ட நாள் உழைப்பவை. லிக்விட் மெட்டலை நீங்களாகத் தொடாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். உங்கள் மாடலில் கம்பெனியே அதைப் போட்டிருக்கிறதா என்று மூடியைத் திறக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

ஐஸ் பேக், ஈரத்துணி: லேப்டாப்புக்கு அடியில் பனித்துளி படியும், உப்போடு சேர்ந்தால் அரிப்பு.

பெல்டியர் வகை கூலர்: காற்றை வைத்து அல்லாமல் ஒரு தகட்டையே குளிர வைக்கும் சாதனம். உலர்ந்த ஊரில் சரி. இங்கே அந்தத் தகடு 26 டிகிரிக்குக் கீழே போனாலே வியர்க்கும்.

தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்: காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் பெரிதாகக் குளிராது, அறையின் ஈரம்தான் ஏறும். ஏசி இருந்தால் அது காற்றையும் உலர்த்தும்; லேப்டாப்புக்கு இரட்டை லாபம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப்போகும்போது பையை மூடியே அரை மணி நேரம் வைத்து, லேப்டாப் வெளி வெப்பத்துக்கு வந்தபிறகு திறங்கள்.

பேட்டரியை மறந்துடாதீங்க

லித்தியம் பேட்டரிக்கு இரண்டு எதிரிகள்: சூடு, நாள் முழுக்க 100 சதவீத சார்ஜ். கேமிங் லேப்டாப் பெரும்பாலும் சார்ஜரிலேயே இருப்பதால் இரண்டும் ஒன்றுசேரும். கம்பெனி மென்பொருளில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். பெரும்பாலானவற்றில் இந்த வசதி உண்டு.

தீவுகளின் மின்சாரத்துக்கு தேசிய மின்கட்டமைப்போடு இணைப்பு கிடையாது; பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டரில் இருந்து வருகிறது. கரண்ட் போனால் ஏசியும் ஃபேனும் நிற்கும், லேப்டாப் மட்டும் பேட்டரியிலோ இன்வெர்டரிலோ ஓடும். அந்த நேரத்தில் கேமை நிறுத்திவிடுங்கள், ரெண்டரிங்கைத் தள்ளிப்போடுங்கள்.

டச்பேட் மேலே தூக்கினாலோ, அடிமூடி உப்பினாலோ, லேப்டாப் மேஜையில் ஆடினாலோ பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வீங்கிய, சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோக அனுமதி இல்லை. 'அடுத்த முறை சென்னை போகும்போது மாத்திக்கலாம்' என்பது இங்கே நடக்காது. இந்தக் கட்டுரையில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம் 95 டிகிரி இல்லை, இதுதான்.

எப்போது சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும்?

எந்த வேலையும் ஓடாதபோதே 75 டிகிரிக்கு மேல் நின்றால். லோடு கொடுத்த சில நொடிகளில் வெப்பம் நேராக 100-ஐத் தொட்டால். ஒரு ஃபேன் சுற்றவே இல்லை அல்லது உரசும் சத்தம் வந்தால். கேமின் நடுவில் லேப்டாப் தானாக அணைந்தால். போகும்போது உங்கள் மூன்று எண்களையும், மாதாமாதம் குறித்த கணக்கையும் எடுத்துப்போங்கள். 'ரொம்பச் சூடாகுது' என்று சொன்னால் தேவையில்லாத பாகத்துக்கும் ஆர்டர் போகலாம். 'வாட்டுக்கு 1.3 இருந்தது, இப்போ 1.6' என்று சொன்னால் எங்கே பார்க்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குப் புரியும். மெயின்லேண்டிலிருந்து ஒரு பாகம் வர எத்தனை நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சரியான பாகத்தை முதல் முறையே வரவழைக்க அந்த எண் உதவும்.